முதலாளி பார்க்காத கணக்கு

14 பிப்ரவரி 1964, வெள்ளி

நேற்று சயான் பகுதியில் அப்பா ஓட்டிய லாரி ஒரு கைவண்டியை இடித்துவிட்டது. நாற்பது மைல் வேகத்தில் வந்தார் என்று சொல்லி முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இன்று கல்லூரி விட்டதும் நான் போய் ரோட்டில் பதிந்திருந்த பிரேக் தடத்தை அளந்தேன். இருபத்தைந்து அடி. உராய்வைச் சேர்த்து வேகத்தைக் கணக்கிட்டால் இருபத்துமூன்று மைல்தான் வருகிறது. நாற்பது என்றால் தடம் எழுபது அடியைத் தாண்டியிருக்கும்.

அப்பாவோடு லாரி ஆபீசுக்குப் போய், கணக்குப் போட்ட தாளை நீட்டினேன். முதலாளி பார்க்கவே இல்லை. “பொட்டப்புள்ள கணக்க வச்சா நான் லாரி ஓட்டுதேன்?” என்றார்.

“நீங்களே அளந்து பாருங்க, அண்ணாச்சி” என்றேன்.

அப்பா குறுக்கே வந்து, “சின்னப்புள்ள, தெரியாமப் பேசிட்டா” என்று அவரைக் கும்பிட்டார்.

தெரியாமலா? தான் வந்த வேகம் அப்பாவுக்கும் தெரியும். தெரிந்தும் கும்பிட்டார்.