ராத்தங்கல் வாடகை

என் வேட்டியில் ஆட்டுப் புழுக்கை வாசம் இன்னும் போகவில்லை. உன் புஞ்சையில் கிடை போட்ட இடத்திலிருந்துதான் வருகிறேன். ஆமாம், உன் புஞ்சையேதான். பாலவனத்தம் ரோட்டை விட்டு இறங்கினால் வருமே, அந்தக் கரிசல். நீ செத்து மூன்று மாதம் ஆகிறது. துட்டிக்கு நான் வரவில்லை. வந்திருந்தால் உன் தலைமாட்டில் நின்று வாய்க்கு வந்தபடி பேசியிருப்பேன். அன்றைக்குப் பேசாததை இப்போது எழுதுகிறேன்.

நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். உங்கள் வீட்டில் நிலம் இருந்தது, எங்கள் வீட்டில் ஆடு இருந்தது. விதைப்புக்கு முன்னால் எங்கள் ஆடுகள் உங்கள் புஞ்சையில் கிடை போட்டு ராத்தங்கும். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். விடிந்ததும் உன் அய்யா வந்து என் அப்பாவுக்குத் தானியமும் பணமும் கொடுப்பார். "நாளைக்கு இன்னுங் கொஞ்சம் தெக்க தள்ளிப் போடுப்பா" என்பார். ராத்தங்க வந்தவனுக்கு நிலத்துக்காரன் கூலி கொடுப்பான். நமக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

அந்தப் புத்தியோடுதான் நான் கேரளத்துக் காயலுக்கு வேலைக்குப் போனேன். படகு ஓட்டப் பழகி, முதன்முதலாக ஒரு சுற்றுலாப் படகை வேற்றூர்ப் படகுத்துறையில் ராத்திரி கட்டினேன். மறுநாள் காலையில் துறைக்காரர் என்னை நோக்கி வந்தார். கூலி கொடுக்க வருகிறார் என்று நினைத்து, முகம் கழுவித் தலை சீவிப் படகு முனையில் தயாராக நின்றேன். அவர் ரசீதை நீட்டினார். ஊருக்கு வந்தபோது இதை உன்னிடம் சொன்னேன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தாய். "ஏலே, காயலு என்ன எங்க அய்யா புஞ்சையா?" என்றாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், மடையன்.

அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை இல்லாமல் பருத்தி கருகியபோது, "எங்கிட்டாவது ஒரு வேலை பாத்துக் குடுலே" என்று வந்து நின்றவன் நீ. அதே துறையின் முதலாளியிடம் உன்னைக் கூட்டிப்போய் நிறுத்தியவன் நான். கொஞ்ச வருஷத்தில் நீ துறைக்கு மேனேஜர் ஆனாய். நான் லோன் போட்டு இரண்டு அறை உள்ள பழைய படகு ஒன்றை வாங்கினேன். என் படகு நிற்கிற ஊர் தொலைவு. பயணிகள் இறங்கிக் கடைகண்ணி பார்க்க உன் துறைக்குத்தான் வர வேண்டும், ராத்திரியும் அங்கேதான் கட்ட வேண்டும்.

வெளியூர்ப் படகுக்கு ராத்தங்கல் வாடகை முதலில் பெரிதாக உறைக்கவில்லை. அப்புறம் படகின் நீளத்துக்கு அடிக்கணக்கு போட்டாய். கரண்டுக்குத் தனி, தண்ணீருக்குத் தனி, சனி ஞாயிறுக்கு மேலே ஒரு தொகை. ஒவ்வொரு சீசனுக்கும் போர்டில் பழைய எண்ணின் மேல் புது எண்ணை ஸ்டிக்கராக ஒட்டுவாய். கேட்டால் "மொதலாளி சொல்றாரு, நான் என்னலே செய்ய" என்பாய். ஒருநாள் அந்த முதலாளியிடமே போய்க் கேட்டேன். ரேட்டெல்லாம் உன் ஊர்க்காரன்தான் போடுகிறான், நான் அதில் தலையிடுவதில்லை என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்து உன் முன்னால் நின்றபோது உனக்குக் கொஞ்சமும் கூசவில்லை. "சுத்திப் பாக்க வர்ற பணக்காரன்தான குடுக்கான், ஒனக்கு எங்க வலிக்கி?" என்றாய்.

பணக்காரனா? என் படகில் ஏறியவர்கள் வீரசோழனிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் பஸ்ஸில் மதுரைக்கு வந்து, அங்கே ரயில் பிடித்து வந்தவர்கள். பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது நிறையத் தண்ணீரைக் காட்டணும் என்று சீட்டுப் போட்டுச் சேர்த்து வந்தவர்கள். அவர்களிடம் கூட்டிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏறின வாடகையை என் கையிலிருந்து போட்டேன்.

அந்த ஆனி மாதச் சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். மழை கட்டிக்கொண்டு வந்தது. ஆட்களை இறக்கிவிட்டு, "இன்னைக்கு ஒருநா பழைய ரேட்டுக்குக் கட்டிக்கிறேன்லே" என்று உன்னிடம் கேட்டேன். சுற்றிலும் நாலைந்து படகுக்காரர்கள் நின்றார்கள். அவர்கள் காதில் விழுகிற மாதிரி, "கிடை போட்டுட்டுக் கூலி கேக்காம விட்டியே, அதுவே பெருசு. புடிக்கலையா, வேற எடம் பாரு" என்றாய். அத்தனை பேரும் சிரித்தார்கள். பஸ் ஸ்டாண்டில் உன்னை நம்பிச் சொன்ன கதையை அவர்களிடம் முன்பே அவிழ்த்துவிட்டிருக்கிறாய். இல்லையென்றால் அவர்களுக்கு எதற்கு அந்தச் சிரிப்பு?

கேட்ட பணம் என் பையில் இருந்தது. கொடுத்திருக்கலாம். ரோஷம் விடவில்லை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் அக்கரையில் ஒரு தென்னையில் கட்டிவிட்டு, காற்று மழைக்கு ஒரு கடைத் திண்ணையில் ஒதுங்கிப் படுத்தேன். விடிந்து பார்த்தால் படகு கருங்கல் கரையில் மோதி மோதி அடிப்பலகை பிளந்து, பாதி தண்ணீருக்குள் கிடந்தது. நீ குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாய். "நேத்தே கட்டித் தொலைச்சிருக்கலாம்லலே" என்றாய். நாம் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான். படகை உடைசலுக்கு விற்றுவிட்டு ஊருக்கு வந்தேன். இப்போது மில்லுக்கு வேன் ஓட்டுகிறேன். படகில் எனக்கு மிஞ்சியது அந்தக் கட்டுக்கயிறு ஒன்றுதான்.

நேற்று உன் வீட்டுக்காரி என் தம்பியைக் கிடை போடக் கூப்பிட்டு விட்டிருந்தாள். அவன்தான் இன்னும் ஆடு வைத்திருக்கிறான். ஆடுகளைச் சுற்றி அடைக்கிற வலையை முளையில் கட்டக் கயிறு பத்தவில்லை என்றான். வேனில் கிடந்த படகுக் கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். கூலி பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லி வைத்தேன்.

இன்று காலையில் அவள் வந்தாள். "கூலி இப்ப ரெண்டு மடங்கு தாயி. புடிக்கலேன்னா வேற கிடை பாத்துக்கங்க" என்றேன். வாயிலிருந்து வந்தது அப்படியே உன் பேச்சு. இருக்கட்டும் என்றுதான் நின்றேன்.

அவள் பேரம் பேசவில்லை. "குடுத்துர்றேண்ணே. ராத்தங்குனவுகள வெறுங்கையா அனுப்பக் கூடாதுன்னு அவுக சொல்லிக்கிட்டே இருப்பாக" என்றாள்.

"எவுக?"

"அவுகதாண்ணே. லீவுக்கு வரும்போதெல்லாம் சொல்லுவாக."

அடப் பாவி. காயலைப் பார்த்த மப்பில் ஊர் வழக்கத்தை மறந்துபோனான் என்று இத்தனை நாளும் உனக்காக நானே ஒரு சாக்கு வைத்திருந்தேன். நீ எதையும் மறக்கவில்லை. லீவுக்கு வந்து வீட்டில் அந்த நியாயத்தைப் பேசிவிட்டு, திரும்பிப் போய் எனக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாய்.

பழைய கூலியே போதும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அது அவள் முகத்துக்காக, உனக்காக இல்லை. தம்பிக்கு வேறு கயிறு வாங்கிக் கொடுத்துவிட்டு, என் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். இதை எழுதும்போது காலடியில் கிடக்கிறது, உன் கரிசல் ஒட்டிக்கொண்டு. என் படகுக் கயிறு உன் இடத்தில் ஒரு ராத்திரி தங்கியது. அதற்கு உன் வீட்டிலிருந்து கூலியும் வந்துவிட்டது. படகுதான் இல்லை.