கணக்கு டீச்சருக்குச் செய்த பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

உடம்பெல்லாம் அரிப்பு. கண்ணாடி இழைப் பெட்டியைத் தேய்க்கும்போது பறக்கிற தூசி முழுக்கைச் சட்டைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. பதினான்காவது பெட்டி அச்சிலிருந்து சுத்தமாகக் கழன்று வந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பத்து நிமிஷம் அனுபவிக்க விடவில்லை கீழ்வீட்டம்மா. பிசின் வாடை தாங்கவில்லையாம். பெட்டியைப் பார்த்து, "இது என்ன, பாம்பு படுக்கிற தொட்டிலா?" என்றார். மின்சார ஸ்கேட்போர்டைத் தாங்களே செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள், பலகைக்கு அடியில் பேட்டரியும் சர்க்யூட்டும் தொங்கும், தண்ணீரும் கல்லும் படாமல் அவற்றை மூடுகிற பெட்டி இது, பெட்டி என் வேலை, பேட்டரி கட்டிப் பொருத்துவது தம்பி வேலை என்று பொறுமையாகத்தான் சொன்னேன். பெரியவர்கள் யாராவது இதில் போவார்களா என்று கேட்டார். கணக்கு டீச்சர் ஒருத்தர் தினமும் பள்ளிக்கூடத்துக்கே போகிறார். அவர் பலகைக்கு அடியில் இருப்பது என் ஒன்பதாவது பெட்டி.

மார்ச் 6, வியாழன்

டீச்சர் விழுந்துவிட்டார்.

தம்பி போனில் சொன்னான். காலையில் போகும் வழியில் காலுக்கடியில் புகை. குதித்திருக்கிறார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நல்லவேளை, பின்னால் வண்டி வரவில்லை — நல்லவேளை என்று எழுதவே கை கூசுகிறது.

எப்படி என்று கேட்டேன். தண்ணீர் என்றான். நேற்று மழை, தேங்கின தண்ணீரில் ஓட்டியிருப்பார், சொன்னால் கேட்டால்தானே என்றான்.

என் பெட்டிக்குள் தண்ணீர் போகுமா?

மார்ச் 7, வெள்ளி

போகாது. போகவே போகாது. சுற்றிலும் ரப்பர் பட்டை வைத்து, பதினாறு திருகாணியையும் இறுக்கினால் எறும்புகூட நுழையாது. தொட்டியில் ஒரு நாள் முழுக்க முக்கிவைத்துப் பார்த்தவள் நான். அப்படியென்றால் பட்டை இல்லை. அவன் வைக்கவில்லை. எதிலும் அவசரம். செருப்பு வாரைக்கூட மாட்டாமல் ஓடுகிற ஜென்மம்.

எரிந்த பெட்டியைக் கொண்டுவா என்றேன். குப்பையில் போட்டாயிற்றாம். வேறு ஏதோ பேசும்போது, பேட்டரி மறுபடி பற்றாமலிருக்க மணலில் புதைத்து வைத்தும் வாடை போகவில்லை என்கிறான். குப்பையா, மணலா? ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் துப்பில்லை.

மார்ச் 8, சனி

ஏழு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பலகைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறான்: ஒருவரின் கவனக்குறைவால் விபத்து, தயவுசெய்து தண்ணீரில் ஓட்டாதீர்கள். கீழே ஆளாளுக்கு டீச்சருக்குப் பாடம் நடத்துகிறார்கள். 'கணக்கு தெரிஞ்சவங்களுக்கு ஆழம் தெரியலையா' என்று ஒரு அதிமேதாவி. அதற்கு இருபத்தாறு பேர் சிரிப்பு. கை உடைந்து கிடக்கிற மனுஷியைப் பார்த்துச் சிரிப்பு.

மூன்று தடவை பதில் எழுதி மூன்று தடவை அழித்தேன். தம்பி என்கிற ஒரே காரணம். அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

சைக்கிள் கடைக்குப் பின்னால் இருக்கிற அவன் பட்டறைக்கே போனேன். வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"விட்டுடுக்கா. நான் பாத்துக்குறேன்."

"எதைடா பாத்துக்குவ? ரப்பர் வைக்காதது தெரிஞ்சுடும்னுதானே ஒளிக்குற?"

அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போய், எரிந்த பெட்டியை மணல் வாளியோடு ஸ்கூட்டரில் வைத்து எடுத்து வந்துவிட்டேன்.

மாலை —

திறந்தேன்.

ரப்பர் பட்டை இருக்கிறது. பாதி உருகியிருக்கிறது. மிச்சப் பாதி அச்சு அசலாக உட்கார்ந்திருக்கிறது. பதினாறு திருகாணியும் இருக்கின்றன. எரியாத பக்கத்தில் ஒரு சொட்டு சேற்றுக் கறைகூட இல்லை.

பேட்டரிக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பு உண்டு. இரண்டு தடித்த ஒயர்கள் போவதற்கு அதில் ஒரு துளை. அதை வெட்டுவது நான். வெட்டின கண்ணாடி இழை கத்தி மாதிரி இருக்கும். விளிம்பைத் தேய்த்து ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். இதில் தேய்க்கவும் இல்லை, மாட்டவும் இல்லை. ரோட்டில் அதிர அதிர, விளிம்பு இரண்டு ஒயரின் தோலையும் அறுத்து, அவை ஒன்றையொன்று தொட்டுப் பற்றியிருக்கின்றன. ஃபியூஸ் இருப்பது துளையைத் தாண்டி, சர்க்யூட் பக்கம். அதற்கு முன்பே ஒயர்கள் தொட்டுக்கொண்டதால் அது இருந்தும் பிரயோஜனமில்லை.

இந்தப் பெட்டியைச் செய்த வாரம் எனக்குக் காய்ச்சல். அதனால்? காய்ச்சலென்றால் பெட்டி செய்யாமல் இருந்திருக்கலாமே.

அவன் ஆறாம் தேதியே பார்த்திருக்கிறான்.

மார்ச் 11, செவ்வாய்

எதற்காக மறைத்தாய் என்று கேட்டேன்.

"டீச்சருக்குக் கை ஒட்டிடும்க்கா. உன் பேரு உடைஞ்சா ஒட்டாது."

இதைக் கேட்டால் மனசு இளக வேண்டும். எனக்கு வெறிதான் ஏறியது. என்னைக் காப்பாற்றச் சொல்லி இவனை யார் கேட்டது? மிச்சம் பன்னிரண்டு பெட்டி ரோட்டில் ஓடுகிறதே, அதையெல்லாம் யார் வெட்டினது என்று கத்தினேன். அதை யோசிக்கவில்லை என்றான்.

யோசிக்கவில்லையாம். நானும்தானே யோசிக்கவில்லை, ஒரு வாரமாக அவனைத் திட்டுவதிலேயே குறியாக இருந்ததில்.

குழுவில் எழுதிவிட்டேன். டீச்சர் மேல் தவறில்லை, விளிம்பைத் தேய்க்காமல் விட்டவள் நான், யாரும் ஓட்டாதீர்கள், பலகைகளைக் கொண்டுவாருங்கள். இதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

டீச்சர் வீடு. முழங்கை வரை மாவுக்கட்டு. கேலி வந்த நாளிலிருந்து குழுவைத் திறக்கவே இல்லையாம். நான் சண்டை போட வந்திருப்பதாக நினைத்து முதலில் முகத்தையே பார்க்கவில்லை.

"ஒரு விரல் ஆழம்கூட இல்ல அந்தத் தண்ணி. தினமும் மனசுக்குள்ள அளந்து அளந்து பாத்தேன். அப்படியும் என் தப்புதான்னு நம்பிட்டேன்."

துளையைக் காட்டினேன். இடது கை விரலை வைத்தார், சட்டென்று எடுத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

கிளம்பும்போது மட்டும் சொன்னார்: "உங்க தம்பி, நீங்க உக்காந்திருந்த அதே நாற்காலியில உக்காந்துதான் தண்ணின்னு சொன்னாரு. அவரையும் வரச் சொல்லுங்க."

மார்ச் 15, சனி

போய்விட்டு வந்தான். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

ஏப்ரல் 19, சனி

பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. இன்னும் மூன்றில் விளிம்பு தேய்க்காமல் இருந்தது. மூன்று! காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை.

டீச்சருக்கு நேற்று கட்டுப் பிரித்தார்கள். திரும்ப ஓட்டுவாரா என்று தெரியாது.

இப்போது, அவன் பார்க்காமல் என் பெட்டி வெளியே போகாது. நான் பார்க்காமல் அவன் மூடி போடக் கூடாது. இன்றைக்குப் பதினைந்தாவதின் துளைக்குள் விரலைவிட்டுத் தடவினான், ஒன்றும் சொல்லாமல் என் மேஜையில் திருப்பி வைத்துவிட்டுப் போனான். ஒரு மணி நேரம் தேய்த்திருக்கிறேன், இவன் யார் எனக்கு நொட்டை சொல்ல என்று பற்றிக்கொண்டு வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் மூலையில் ஊசி முனையளவு ஒரு பிசிறு.

தேய்த்துக்கொண்டிருந்தேன், இருட்டும் வரை. அவனைத் திட்டிக்கொண்டேதான்.