அரிச்சல்முனை வரை நீ ஓடியது

தங்கச்சிமடத்து அக்காவுக்கு,

இன்று மதியம் எங்கள் மருந்துக் கடைக்கு வந்த ஒருவர் மூட்டுவலிக்கு அடிக்கும் ஸ்பிரே கேட்டார். எடுத்துக் கொடுத்ததுதான் தாமதம், வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டி, கடை வாசலிலேயே நின்று அடித்துக்கொண்டார். காரமும் குளிர்ச்சியும் கலந்த அந்த வாடை கவுண்டருக்குள் வந்து நிறைந்தது. சீட்டை நீட்டிக்கொண்டிருந்த அடுத்த ஆள் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் காது கேட்டது.

அந்த நேரம் நான் தீவில் இருந்தேன். போன வருசம் நாம் தங்கிய அறையில், தரையில் படுத்துக் கால்களைச் சுவரில் தூக்கி வைத்தபடி நீயும் நானும். உன் கெண்டைக்காலுக்கு நான் அடிக்க, என் கெண்டைக்காலுக்கு நீ அடிக்க, பாதி டப்பா காலியாகிவிட்டது. "ஏ புள்ள, வார்டுல எத்தனை பேருக்குத் தடவி விட்டுருக்கேன். எனக்கு ஒருத்தி அடிச்சு விடுறது இன்னைக்குத்தான்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

முதலில் உன்னை நான் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே எங்கள் கடை, உள்ளே பெண்கள் வார்டில் நீ. பிறகு அக்கா ஆனாய். 'நீங்கள்' எப்போது 'நீ' ஆனது என்று நினைவில்லை, பட்டணம்காத்தான் சாலையில் எங்கேயோ ஆகியிருக்க வேண்டும். சாயங்காலம் டூட்டி முடிந்து நீ தங்கச்சிமடம் பஸ்ஸுக்குப் போகும்போது நானும் கூட வருவேன். ஒரு நாள் பஸ்ஸில் கூட்டம், அடுத்த ஸ்டாப்பில் ஏறிக்கொள்ளலாம் என்று நடந்தோம். மறுநாள் காலியாக வந்த பஸ்ஸையும் விட்டோம். அப்படியே ஒவ்வொரு ஸ்டாப்பாக நீண்டு பட்டணம்காத்தான் வரை போய்விட்டது நம் நடை. அங்கே உன்னை ஏற்றிவிட்டு நான் ஷேர் ஆட்டோவில் திரும்புவேன்.

எனக்குக் கமுதிப் பக்கம். அம்மாவும் போன பிறகு ஊரில் எனக்கென்று யாரும் இல்லை. இராமநாதபுரத்தில் ஒரு மாடி அறை, அவ்வளவுதான். நாள் முழுக்க மாத்திரையின் பெயரையும், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதையும் சொல்லிக்கொண்டிருக்கிறவளுக்கு, பேச்சு என்று இருந்தது அந்தச் சாலை ஒன்றுதான்.

அந்த விளம்பரத்தைப் போனில் எனக்குக் காட்டியவள் நீ. சென்னையிலிருந்து ஒரு குழு நடத்தும் உடற்பயிற்சி விடுமுறை. இராமேஸ்வரம் தீவில் கடற்கரை விடுதியில் நான்கு நாள் தங்க வேண்டும். காலையில் மணலில் யோகா, பிறகு நீச்சல், துடுப்புப் படகு. கடைசி நாள் தீவின் இந்த முனையில் தொடங்கி அந்த முனை வரை தொடர் ஓட்டம், அணிக்கு நான்கு பேர். பாம்பனில் முதல் ஆள் புறப்பட்டு, கை மாறி மாறி, நான்காவது ஆள் அரிச்சல்முனையில் போய் முடிக்க வேண்டும். அந்த விடுதி உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஏறி உட்காரும் முன்பே இறங்கிவிடுகிற தூரம்.

"நம்ம ஊருக்கு நாமளே டூர் போவமா?" என்று கேட்டாய். விளையாட்டுக்குக் கேட்கிறாய் என்று தலையாட்டினேன். மறுநாள் பார்த்தால் இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாய். தினம் பார்க்கிற கடலுக்கு எதற்கு டூர் என்று உன் வீட்டுக்காரர் கேட்டாராம். பார்த்திருக்கிறேன், இறங்கியதில்லையே என்று நீ பதில் சொன்னாயாம். படகுக்காரர் மகள், படகுக்காரர் மனைவி. உனக்கும் கடல் கணுக்கால் வரைதான் இருந்தது என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வந்தவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள். நடுவில் நாம் இரண்டு பேரும் சுடிதாரும் புது ஷூவுமாக நின்றோம். அந்தப் பக்கம் இருப்பது ஆண் கடல், இந்தப் பக்கம் இருப்பது பெண் கடல் என்று வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது நீ என் காதோரம் குனிந்தாய். "பொம்பளக் கடல் அடங்கிக் கெடக்குன்னு சொல்லுவாக. உள்ள சுழி இருக்கிறது எறங்குனவகளுக்குத்தான் தெரியும்." பிறகு அந்தப் பெண் கடலில் இடுப்பளவுக்கு இறங்கி, என் கையை விடாமல் நின்றாய். எனக்குத் தைரியம் சொல்வதற்காக என்று நினைத்தேன். அடுத்த அலை வந்தபோது என் தோளுக்குப் பின்னால் ஒளிந்தவள் நீதான்.

ஓட்டத்தில் நம் அணியின் முதல் இரண்டு பேரும் பெங்களூர்ப் பையன்கள், பறந்துவிட்டார்கள். மூன்றாவதாக இராமேஸ்வரம் ஊரெல்லையிலிருந்து முகுந்தராயர் சத்திரம் வரை நான். அவர்கள் சம்பாதித்துக் கொடுத்த நேரத்தையெல்லாம் வழியிலேயே தீர்த்துவிட்டு, பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வந்து உன் மணிக்கட்டில் சிவப்புத் துணிப் பட்டையைக் கட்டினேன். மற்ற அணிகள் எல்லாம் கடந்து போயிருந்தன. ஏற்பாட்டாளர் பையன் ஒருவன் பைக்கில் வந்து, நேரம் முடியப் போகிறது ஆன்ட்டி, வண்டியிலேயே முனைக்குப் போய்விடலாம், மெடல் எப்படியும் உண்டு என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

நீ பட்டையை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே அவனிடம் சொன்னாய்: "தம்பி, நான் ஆஸ்பத்திரியில வருசக்கணக்கா ஓடுறவ. அதெல்லாம் யாராச்சும் கூப்பிட்டு ஓடுறது. இன்னைக்கு என்னைய ஒருத்தரும் கூப்பிடல. நானா ஓடுறேன், விடுங்க."

அவன் விட்டுவிட்டான். கடைசி ஆளுக்குப் பின்னால் ஊர்ந்து வருவதற்கென்று ஒரு வேன் உண்டு. அதில் டிரைவருக்குப் பக்கத்தில் நான் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒற்றைச் சாலை, சாலையில் நீ. முனை வருகிறவரை உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ போய்ச் சேர்ந்தபோது பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். படம் எடுப்பவர் காமிராவைப் பையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு இளநீர் குடிக்கப் போயிருந்தார். என் போனும் உன் போனும் பைகளோடு குழுவின் பஸ்ஸில் இருந்தன. ஒரு பெண் ஓடி வந்து உன் கழுத்தில் மெடலைப் போட்டுவிட்டு ஓடினாள். "அடுத்த வருசமும் வாரேன்" என்றாய் நீ, அவளிடமா என்னிடமா என்று தெரியவில்லை.

ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், டூட்டியில் இருந்தபோது தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாயாம். மாத்திரை வாங்க எங்கள் கடைக்குத்தான் ஆள் அனுப்பினாய். நான்தான் கொடுத்தேன். அது வந்து சேர்வதற்குள் உனக்கு நினைவு போய்விட்டது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். எப்படித் திரும்பி வந்தாய் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வேதக் கோயிலில் அடக்கப் பூசையின்போது கடைசி வரிசையில் நின்றேன். எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று தெரியாமல் முன்னால் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். உன் சொந்தக்காரர்களுக்கு நான் யார் என்று தெரியாது. மெடிக்கல் கடைப் பொண்ணு என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போக எனக்கு எந்த உறவுமுறையும் இருந்ததாகத் தோன்றவில்லை.

தை பிறந்ததும் அந்தக் குழுவிடமிருந்து என் போனுக்கு அழைப்பு வந்தது. உன் எண்ணுக்கும் போயிருக்கும். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பெயர் கொடுத்தேன். ஏன் என்று கேட்க யாரும் இல்லை.

இந்த முறையும் இரட்டைக் கட்டில் அறைதான் கிடைத்தது. இரண்டு கட்டிலிலும் துண்டை அன்னப் பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். தினமும் இரண்டையும் எடுத்துவிட்டுப் புதிதாக இரண்டு பறவைகள் வைப்பார்கள். ஒன்று போதும் என்று சொல்லலாம்தான், சொல்ல வாய் வரவில்லை. முதல் நாள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் ஏன் வந்தோம் என்று சொன்னார்கள். நடக்கப் பிடிக்கும் என்றேன். "தனியாவா வந்திருக்கீங்க? சூப்பர் மேடம்" என்று ஒரு பெண் கை தட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். நானும் சிரித்தேன். எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் மதுரைப் பக்கம் என்று சொல்லி வைத்தேன். இங்கேதான் என்றால் வழி கேட்பார்கள், கோயில் கேட்பார்கள், பேச்சு எப்படியும் உன்னிடம் வந்து நிற்கும்.

சாயங்காலம் எல்லாரும் கூட்டமாகப் படம் எடுத்துக்கொள்ளும்போது நான் எடுத்துக் கொடுப்பேன். தூரத்தில் உங்கள் கோயில் ஒலிபெருக்கியில் செபமாலை கேட்கும். அந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். நீ இருந்தபோது எத்தனை முறை அந்த வீட்டுக்கு வந்து மீன் தின்றிருக்கிறேன். இப்போது அது கூப்பிடு தூரத்தில் இருந்தும், தீவிலேயே மிகத் தூரமான இடமாக இருந்தது.

ஓட்டத்துக்கு முந்தின நாள், அணியில் நீ ஓடிய நான்காவது ஆளின் இடம் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார்கள்.

காலையில் சத்திரத்தில் நின்று பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். காற்று எதிரே தள்ளியது. மணல் சாலையில் ஏறிப் பாம்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரத்திலேயே எல்லாரும் என்னைக் கடந்து போய்விட்டார்கள். பின்னால் வேன் சத்தம் வந்து ஒட்டிக்கொண்டது. நீ திரும்பிப் பார்க்காத சாலையில் நான் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன், அக்கா. டிரைவர் பாட்டுப் போட்டிருந்தார். பக்கத்துச் சீட்டில் யாரோ கழற்றிப் போட்ட சட்டை கிடந்தது.

அரிச்சல்முனையில் ஓட்டத்தை முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது என்னிடம் பேசியது ஒரு சுற்றுலாக் குடும்பம்தான். ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் கண் மூடிவிட்டார் என்று இன்னொன்றும் எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு, எங்கள் பஸ் நின்ற பக்கம் போகாமல், இராமேஸ்வரம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். ஏறும்போது எங்கே போகிறேன் என்று முடிவு செய்திருக்கவில்லை. இராமேஸ்வரத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் தங்கச்சிமடத்துக்குச் சீட்டு வாங்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.

உன் வீட்டுக்காரர் அன்று காலையில்தான் கடலிலிருந்து வந்திருந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். என் நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் துணியையும், ஷூவையும், பிறகு முகத்தையும் பார்த்தார். "வா தங்கச்சி" என்றார். சோறு இருப்பதாகவும், குழம்பு தான் வைத்தது, உப்புத் தூக்கலாக இருக்கும் என்றும் சொன்னார். வேண்டாம் என்று தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தேன். மகள் தூத்துக்குடியில் நன்றாக இருக்கிறாள் என்றார். சரி என்றேன். எழுந்து கிளம்பலாம் என்று இருந்தபோது அவர் கேட்டார்.

"போன வருசம் அவ மெடலோட வந்து நின்னா. நீயாடி ஓடுனேன்னு சிரிச்சேன். உக்காந்து சொல்ல வந்தா. கடல் அலுப்பு, நான் தூங்கிட்டேன். அப்புறம் சொல்லுவான்னு இருந்துட்டேன்." என் ஷூவைப் பார்த்தார். "எப்படி ஓடுனா தங்கச்சி?"

நன்றாக ஓடினாள் அண்ணே என்றேன். அவர் தலையாட்டினார். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. மெதுவாக ஓடினாள், நிற்காமல் ஓடினாள் என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் நீ இல்லை. அப்படி எத்தனையோ பேர் ஓடுவார்கள்.

அதனால் எழுந்து தெருவில் இறங்கினேன். துப்பட்டாவை நீ கட்டியது மாதிரி இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். இரண்டு இடுப்பிலும் குடம் இருப்பது போல முழங்கைகளை அகற்றி வைத்துக்கொண்டேன். இடது பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி, நாலு எட்டுக்கு ஒரு தரம் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதைக் காதில் வாங்குகிறவள் மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்து ஓடினேன். எதிரே வந்த சுற்றுலா வண்டிக்கெல்லாம் நீ கை காட்டினாயே, அப்படிக் காட்டினேன். எதிர்வீட்டுப் பெண் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன்.

அவர் சிரித்தார். "அவதான். அவளேதான்" என்றார். சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துண்டை எடுத்த பிறகு, "இன்னொரு வாட்டி ஓடுறியா தங்கச்சி?" என்றார்.

கால் இரண்டும் கடுத்துக்கொண்டிருந்தன. ஆனாலும் எழுந்தேன்.

தான் ஓடுவதைத் தானே பார்க்க யாராலும் முடியாது. நீயும் பார்க்கவில்லை. எந்தப் படத்திலும் அது இல்லை. சத்திரத்திலிருந்து முனை வரை உனக்குப் பின்னால் வந்தவள் நான் ஒருத்திதான். அதனால் அது என்னிடம் இருக்கிறது அக்கா, என் முழங்கையிலும் என் இடது பாதத்திலும். கேட்கிறவர்கள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். கேட்டால் ஓடிக் காட்டுவேன்.