சிவப்பு லைற்றும் செல்வராசாவின் விரல்களும்

நாகதம்பிரான் துணை

தர்மபுரம்,
12.08.1999

அன்பு மகன் வினோதனுக்கு அம்மா எழுதுவது, நானும் தங்கச்சி கஜேந்தினியும் நாகதம்பிரான் புண்ணியத்தில் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிருக்குள் சுகமாய் இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கு வெள்ளி விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வவுனியாவால் வந்த ஒருவர் கையில் நாற்பது நாள் கழித்துக் கிடைத்தது. தங்கச்சி சோதனைக்குப் படிக்கிறாள், மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று விடிந்த பிறகு முற்றத்தில் பாயைப் போட்டுத்தான் படிப்பு. ஆடு இரண்டு குட்டி ஈன்றது. இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். தயாபரன் மாமா உனக்கு என்னமோ எழுதினாராம், "அம்மா ஒயில் விடாமல் மோட்டார் சைக்கிள் ஓடி ஒரு பிள்ளையின்ரை உயிர் போச்சுதாம், உண்மையோ" என்று நீ ஒற்றை வரியில் கேட்டிருக்கிறாய். அந்த ஒற்றை வரி என் நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கிறது மகன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், வாசித்த பிறகு நீயே சொல்.

பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாது வேலைக்கென்று சுகாதாரக் கந்தோரில் எனக்கு ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் தந்தது உனக்குத் தெரியும். அதற்குச் சீற்றுக்குக் கீழே ஒயிலுக்கென்று தனித் தாங்கி, அதில் ஒயில் குறைந்தால் முன்னால் ஒரு சிவப்பு லைற் எரியும், ஒயில் முடிந்தால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். இங்கே அந்த ஒயில் ஒரு போத்தல் கிடைப்பது மருந்து கிடைப்பது போல. மார்கழியில் அந்த லைற் விட்டு விட்டு எரியத் தொடங்கியது. கொஞ்சத் தூரம் எரியும், பிறகு தானாய் அணையும். கிளினிக்குக்கு முன்னால் கராஜ் வைத்திருக்கிற செல்வராசாவிடம் காட்டினேன், இந்தப் பக்கத்தில் வேறு திருத்துகிறவர் இல்லை. "வயர் லூஸ் மிஸ்ஸி, லைற் பொய் சொல்லுது" என்றான். கிளினிக் நாட்களில் மோட்டார் சைக்கிளை அவன் கொட்டிலில் நிழலுக்கு விட்டு, சீற்றைத் திறக்கிற திறப்பையும் கொடுத்துவிட்டுப் போவேன். மூன்று தரம் பார்த்தான், மூன்று தரமும் லைற் முன்னையிலும் கூட எரிந்தது. நாலாம் தரம் பல்ப்பையே கழற்றிவிட்டு, "இனி எரியாது, நிம்மதியா ஓடுங்கோ" என்று சிரித்தான். மார்கழித் தொடக்கத்தில் என் கையால் தாங்கி நிறைய விட்ட ஒயில், இரண்டு மாதத்துக்குக் காணும் என்று நம்பி நான் திறந்து பார்க்கவில்லை. அது என் பிழை, அதை நான் மறைக்கவில்லை.

தை மாதம் ஒரு மத்தியானம் உள்ளே குடியேற்றத்தில் நேசமலர் என்ற பிள்ளைக்கு வலி கண்டுவிட்டது என்று அவள் புருசன் ஓடி வந்தான், மலைநாட்டிலிருந்து வந்து கூலி வேலை செய்கிற குடும்பம், தலைப்பிள்ளை. அவனைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு நான் சைக்கிளை எடுத்தேன். பாதி வழியில் எஞ்சின் ஒரு கத்துக் கத்தி இறுகி நின்றது, பின் சில்லு பூட்டுப் போட்ட மாதிரி இழுபட்டு என்னையும் விழுத்தியது. மிச்சம் மூன்று கட்டைத் தூரத்தையும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியும் நடந்தும் போனேன். நான் போகும்போது பிள்ளை பிறந்திருந்தது, கொடி கழுத்தைச் சுற்றி நீலம் பாரித்துக் கிடந்தது. என்னால் ஆனதெல்லாம் செய்தேன். ஆண் பிள்ளை மகன், நல்ல நிறை. அரை மணித்தியாலம் முந்திப் போயிருந்தால் அந்தக் கொடியை விரலால் எடுத்து விட்டிருப்பேன், முப்பது வருசமாய் அதைத்தானே செய்கிறேன்.

விசாரணை வைத்தார்கள். தாங்கி காய்ந்து கிடந்தது. செல்வராசா எங்கள் கிளினிக் டொக்டருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "சத்தியமாச் சொல்லுறன் சேர், நான் ஒயில் தாங்கியைத் திறந்ததே இல்லை, வயர் மட்டும்தான் பாத்தனான். மிஸ்ஸி ஒயிலை ஆருக்கும் வித்திருப்பா" என்றான். என் பெயருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஊர் வாயில் நான் பிள்ளைதின்னி ஆனேன். அன்றைக்கு மனதுக்குள் சொன்னேன், உன்னை நான் விட மாட்டேன் செல்வராசா.

அதன் பிறகு ஒரே யோசனை, அந்த லைற் எங்கே எங்கே எரிந்தது என்று. வயர் லூஸ் என்றால் கிரவல் றோட்டுக் குலுக்கலில் அல்லவா எரிய வேண்டும், அங்கே ஒரு நாளும் எரிந்ததில்லை. மதகுப் பள்ளத்தில் இறங்கும்போது எரியும், பிறேக் பிடித்தால் எரியும், சமதரைக்கு வந்தால் அணையும். அரைப்பானைக் கஞ்சி சரித்தால் ஒரு பக்கம் ஒதுங்குமே, அதுதான். ஒயில் குறைந்திருந்தது, லைற் உண்மையைத்தான் சொன்னது. நான் திறப்பைக் கொடுத்த ஒவ்வொரு நாளும் அவன் உறிஞ்சியிருக்கிறான், பொய் சொன்னது அவன்.

எஞ்சின் சாமானும் புது பல்ப்பும் வவுனியாவால் வந்து சேர நாலு மாதம். கந்தோரில் பூட்டிச் சைக்கிள் கைக்கு வந்த அன்றே டொக்டரைக் கூப்பிட்டு அவர் கண் முன்னால் தாங்கியை நிரப்பினேன், ஈர்க்கை உள்ளே விட்டு ஒயில் நின்ற இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து ஈர்க்கை அவர் கையிலே கொடுத்தேன். குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குப் பூசுகிற ஊதா மருந்து தூளாய் என்னிடம் இருந்தது, காய்ந்திருந்தால் தெரியாது, வேர்வை பட்டால் போதும், ஒரு கிழமைக்குப் போகாது. அதை மூடியின் உட்பக்கமும் தாங்கியின் வாயிலும் தடவினேன். கிளினிக் நாள், நாற்பது தாய்மார் வாங்குகளில் வரிசையாய் இருக்கிறார்கள். செல்வராசாவிடம் போய், "தம்பி, லைற் திரும்பவும் விட்டு விட்டு எரியுது, ஒருக்காப் பாருங்கோ" என்று என் வாயால் தேன் ஒழுகச் சொன்னேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து டொக்டரோடு போனேன். ஈர்க்கை விட்டால் இரண்டு விரல் குறைவு. "தாங்கியைத் திறந்தனீரோ" என்று டொக்டர் கேட்டார். "இல்லை சேர், வயர்தான்" என்றான். "கையைக் காட்டும்" என்றேன் நான். சாரத்துக்குள் ஒளித்தான். ஒளித்து என்ன, குழாயை வாயில் வைத்து உறிஞ்சியவனின் உதடும் பல்லும் நாவல்பழம் தின்ற மாதிரி ஊதாவாய் இருந்தது. தாய்மார் எல்லாரும் வேலியோடு வந்து நின்று பார்த்தார்கள். பழைய ரயருக்குப் பின்னால் போத்தலும் அகப்பட்டது. மகன், உனக்கு நான் பொய் எழுத மாட்டேன், எனக்கு அது இனித்தது. அந்த ஒரு கிழமையும் வேண்டுமென்றே அவன் கராஜ் வாசலால் இரண்டு தரம் போய் வந்தேன்.

என் பெயரிலிருந்த எச்சரிக்கையைக் கிழித்தார்கள். ஆனால் எனக்கு ஆறவில்லை. ஆனி மாதம் அவனே வீட்டு வாசலுக்கு வந்து நின்றான், அவன் பெண்சாதி சிவனேஸ்வரிக்கு எட்டாம் மாதம், காலெல்லாம் வீக்கம், "நீங்கள்தான் பாக்கவேணும் மிஸ்ஸி" என்றான். பார்க்கிறேன் என்றேன், அது என் தொழில். ஆனால் முதலில் என்னோடு வா என்று சொல்லி, எஞ்சின் இறுகிய இடத்துக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து என் பையை அவன் தலையில் வைத்து அந்த மூன்று கட்டையையும் உச்சி வெயிலில் நடத்தினேன். நேசமலரின் முற்றத்தில் நிற்க வைத்து, செய்ததை உன் வாயாலே சொல் என்றேன். சொன்னான். நேசமலர் அழவுமில்லை, ஏசவுமில்லை. அவனை நிமிர்ந்து பார்த்து, "எம் புள்ளைக்குப் பேரு வைக்கக் குடுத்து வைக்கல. ஒங்க புள்ளைக்குப் பேரு வைக்கிற அன்னைக்கு எனக்குச் சொல்லி அனுப்புங்க, நான் வந்து பாக்கணும்" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவன் விக்கி விக்கி அழுதான். நான் ஒரு சொல் ஆறுதல் சொல்லவில்லை.

போன மாதக் கடைசியில் சிவனேஸ்வரிக்குப் பெண் பிள்ளை, என் கையில்தான் பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம், கொடி கழுத்தில் இருந்தது, எடுத்துவிட்டேன். இந்த மாதம் இருபத்தேழாம் தேதி பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள், அன்றைக்குத்தான் பேர் வைக்கிறார்கள். நேசமலருக்கு அவன் இன்னும் சொல்லி அனுப்பவில்லை. "மறந்திட்டீரோ" என்று நேற்றுக் கேட்டேன். அவன் போகாவிட்டால் நானே போய் அவளைச் சைக்கிளில் ஏற்றி வந்து அந்தப் பந்தலில் முன் வரிசையில் இருத்துவேன். பாவம் என்று நீ நினைப்பாய், உன் அப்பாவும் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார். எனக்கு இன்னும் அந்த மனது வரவில்லை மகன், வந்தால் எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையில் தொப்பி இல்லாமல் பனிக்குள் இறங்காதே, நாகதம்பிரான் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார், நூறு வருசம் நல்லாய் இரு. தயாபரன் மாமாவுக்கு மறக்காமல் எழுது, அம்மா ஒயில் விட்டுத்தான் ஓடினவா என்று.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா நாகேஸ்வரி