யாரும் எழுப்பாமல் எழும்பியவளுக்கு

இதை யார் கண்டெடுத்தாலும் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்ட வேண்டாம். என் அம்மாவுக்குக் காட்டவே வேண்டாம். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். இது செத்துப்போன என் அக்காவுக்கு எழுதுவது. அவளோடு பேசுகிறேன் என்று தெரிந்தால் எனக்கும் பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைக் கூப்பிட்டுத் தேசிக்காய் வெட்டுவார்கள்.

அக்கா,

சன்னலைச் சாத்திய பிறகும் சுண்ணாம்பு மணக்கிறது. இன்றைக்குப் பகல் உன் வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். உன் வீடு என்றுதான் எனக்கு இன்னும் வாயில் வருகிறது. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம் அல்லவா? நீ பெரியபிள்ளையான வருசமே அப்பா இந்த வளவுக்குள் அத்திவாரம் போட்டுவிட்டார். நீ போன பிறகு சுவர்கள் அரைகுறையாய் நின்றன. மாரி மழையில் பாசி பிடித்தது. இப்போது கூரையும் போட்டாயிற்று. அம்மா அதை "சின்னவள்ற வீடு" என்கிறார்.

வீடு மட்டும் இல்லை. உனக்கென்று பேசி வைத்த மாமாவின் மகனும் இப்போது எனக்காம். நாளைக் காலை மாமாவும் மாமியும் வெற்றிலைத் தட்டோடு வருகிறார்கள். பின்னேரம் அம்மா உன் நீலச் சேலையை என் தோளில் போட்டுப் பார்த்தார். "அவளுக்கெண்டு வைச்சதெல்லாம் வீணாப் போகாம உனக்கு வருகுது மனே. குடுத்து வைச்சவள் நீ," என்றார். பெட்டிக்குள் கிடந்த சேலை. கழுத்தில் குளிர்ந்தது.

"பள்ளிக்கூடம்?" என்று கேட்டேன்.

"கலியாணத்துக்கு மறுகா என்னத்துக்குப் பள்ளிக்கூடம்?"

மாமா கேட்கும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றால் போதுமாம். பேசாமல் நின்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களாம்.

உனக்கு அந்தக் குனிவு வரவே இல்லை. பெரியபிள்ளையான பிறகும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிறேன் என்று சொல்லிக்கொண்டு வயல் வட்டைக்குப் போவாய். சோற்றுப் பெட்டி அப்பாவிடம் போய்ச் சேரும், நீ வீடு வந்து சேரமாட்டாய். எந்த வரம்பை எங்கே வெட்டினால் தண்ணீர் எந்த வயலுக்கு இறங்கும் என்று பார்த்துக்கொண்டு நிற்பாய். வேலிக்கு அங்கால் இருந்து பக்கத்து வீட்டு மாமி கத்தினார், நினைவிருக்கிறதா?

"உங்கட வீட்டில மீசை முளைக்காத மகன் ஒண்டு இரிக்கு போல!"

"மீசை முளைச்சவன் உங்கட வீட்டில இன்னும் உறக்கம் மாமி. எழுப்பி விடுங்க!"

அம்மாவுக்குத்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் உன் காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்து அழுதார். "ஆம்பிளை வேலையைச் செஞ்சு உனக்கு என்னகா கிடைக்கப்போகுது? ஊரும் மெச்சாது, கட்டப்போறவனும் மெச்சமாட்டான்."

நீ சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. "விடியக்குள்ள ஆரும் எழுப்பாம எழும்புறன் அம்மா. அது எனக்குக் காணும், வேற ஒண்டும் வேணாம்," என்றாய்.

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. நீ எழும்பிப் போன பிறகு உன் பாயிலும் உருண்டு படுத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

பிறகு அந்தச் சூடடிப்பு, அறுத்த கதிரை மாடு விட்டு மிதிக்கிற நாள். அப்பாவின் காலில் முள் ஏறி, பந்தாய் வீங்கி, அவர் காவல் வாடிக்குள் படுத்துவிட்டார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மாடு வளைக்க ஒரு ஆள் குறைவு. நாம் இரண்டு பேரும் சோறு கொண்டுபோன நேரம் அது. சூடடிக்கிற களவெட்டியில் பெண்பிள்ளை கால் வைப்பதில்லை. நீ தாவணியை இறுக்கிச் செருகிக்கொண்டு நேரே உள்ளே போய் மாடுகளின் பின்னால் நின்றுவிட்டாய்.

வயல் வேலைக்குத் தலைவரான முல்லைக்காரர் கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார். "புள்ள, இஞ்ச பொம்புளப் புள்ள வரக் கூடா..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். களவெட்டிக்குள் நெல்லைக்கூட நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். குறைகிற சொல் எதையும் அங்கே வாயில் எடுப்பதில்லை. 'இல்லை' இல்லை, 'போ' இல்லை, 'முடிஞ்சுது' இல்லை. களத்துப் பூதம் கேட்டுக்கொண்டிருக்குமாம், சொன்னபடியே செய்துவிடுமாம். 'கூடாது' என்றால் பொலியும் கூடாதே, பெருகாதே!

அந்தப் பெரிய மனிதர் உன்னை வெளியே போகச் சொல்ல ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு நின்றார். கிடைக்கவில்லை.

"என்ன முல்லைக்கார மாமா, சொல்லுங்க," என்றாய் நீ. "சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

வைக்கோல் இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முல்லைக்காரர் கையை இறக்கினார். "பொலி," என்றார் கடைசியில். "பொலி, பொலி!" என்று நீ உரத்துச் சொல்லி மாடுகளை வளைத்தாய். நான் வரம்பில் நின்று பார்த்தேன். தலையெல்லாம் தூசி. உன்னை அவ்வளவு அழகாய் நான் கண்டதில்லை. மழைக்கு முன்னே எல்லாம் கூட்டி முடித்தார்கள்.

சித்திரையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பட்டணத்து ஆசுபத்திரிக்குத் தோணியில் கொண்டுபோனோம். உன் தலை என் மடியில். வாவி முழுக்க வெயில், கண்ணைத் திறக்க முடியாத வெயில். நீ கண்ணைத் திறந்து, "விடிஞ்சிட்டா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்ல முதல் போய்விட்டாய்.

"களவெட்டியில கால் வைச்சவள், பூதம் சும்மா விடுமா?" என்று ஊர் சொன்னது. அம்மாவும் அதைத்தான் நம்புகிறார். அந்த முறை போல ஒரு விளைச்சலை அப்பா கண்டதில்லை, அதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அந்த நெல்லை விற்றுத்தான் இந்தக் கூரை போட்டார்கள் அக்கா. நீ மாடு வளைத்து அடித்த பொலிதான் எனக்குக் கூரையாய் வந்து நிற்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இருட்டுப் பிரியுமுன்னே சில நாள் பாய் சுருட்டுகிற சத்தம் கேட்கிறது. நீயாக இருக்குமோ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடப்பேன். நீ இல்லையோ என்றும் மூடிக்கொள்வேன். அம்மா வந்து தட்டினால்தான் எழும்புவேன். வழக்கத்தை மீறினால் பூதம் கொண்டுபோகும் என்பது உண்மையாக இருந்தால், நாளைக்கு நான் வாய் திறந்ததும் என்னையும் ஏதாவது வந்து கொண்டுபோகுமா? நீயாவது உன்னை எழுப்புவது எது என்று தெரிந்துகொண்டு போனாய். எனக்கு வயலும் பிடிக்காது. சேறு அருவருப்பு. பள்ளிக்கூடத்திலும் நான் பெரிய கெட்டிக்காரி இல்லை. என்னை யாரும் எழுப்பாமல் எழுப்பப்போவது எது என்று இன்னும் தெரியாது. அது அந்த வெள்ளை அடித்த சுவர்களுக்குள் இல்லை என்பது மட்டும் தெரியும். அதைத் தேட எனக்கு நாள் வேண்டும். நீ விட்டுப்போன சேலையும் வீடும் ஆளும் எனக்கு வேண்டாம், நீ அம்மாவுக்குச் சொன்ன அந்த ஒரு பதில்தான் வேண்டும். அதைத்தான் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

மாமாவுக்குச் சொல்ல வேண்டியதைத் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சொல்லிப் பார்த்தேன். கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டேன். இன்னும் ஒரு தரம் சொல்லிப் பார்க்க

கதவில் தட்டுகிறார்கள். அப்பா. அம்மாவுக்குக் கேட்காமல் மெதுவாகத் தட்டுகிறார். "விளக்கு எரியுது. உறங்கல்லியா மனே? திற. உனக்கு விருப்பமோ எண்டு உன்ட வாயால ஒருக்கா கேக்கோணும்."

அக்கா, நான் சொல்லப்போ