படுக்கச் சொன்னால் பயமாக இருக்கிறது

குன்னம்,
12 அக்டோபர், ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு,

வெற்றிச்செல்வி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பாப்பா சத்யப்பிரியாவும் அத்தையும் நலம். மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. இன்னும் ஒரு மழை வேண்டும். பாப்பா காலாண்டுத் தேர்வில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

நமக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் இதுதான் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம். போனில் சொல்ல வந்தால் உங்கள் அறையில் ஆறு பேர் இருக்கிறார்கள். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். நம் தெரு அறிவரசன் அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

எங்கள் ஆபீஸில் குருமூர்த்தி சார் இறந்ததைச் சொன்னேன். எப்படி இறந்தார் என்று சொல்லவில்லை. ஜூலை மாதம், மதியம் மூன்று மணி. எனக்கு அடுத்த நாற்காலி. காலையிலிருந்தே இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "கேஸும்மா, ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிரும்" என்றார். பிறகு தலையை மேசைமேல் வைத்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம். நாங்கள்தான் தூக்கித் தரையில் கிடத்தினோம். கால்கள் லேசாக விரிந்து, உள்ளங்கைகள் மேலே பார்த்தபடி இருந்தன. ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வயது நாற்பத்திரண்டு. உங்கள் வயது.

அமெரிக்க ஆஸ்பத்திரி ரிப்போர்ட்களைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுவதுதான் எங்கள் வேலை. நெஞ்சுவலிக்கான எண்ணை ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடிக்கிறேன்! பக்கத்தில் இருந்தவரின் வலி எங்கள் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் கம்பெனியில் வாரம் இரண்டு நாள் காலையில் யோகா வகுப்பு வைத்தார்கள். அரியலூரிலிருந்து அபிநயா என்ற பெண் வந்து சொல்லித் தருகிறது. முதல் நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் மல்லாந்து படுத்து, கையைத் தளரவிட்டு, கண்ணை மூடச் சொன்னது. அந்தப் படுக்கைக்குப் பெயர் சவாசனமாம். தலையைத் திருப்பினேன். வரிசையாக எல்லோரும் குருமூர்த்தி சார் போலவே கிடந்தார்கள். எழுந்து வெளியே ஓடி, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அந்தப் பெண் பின்னாலேயே வந்தது. நான் காரணத்தைச் சொன்னதும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "நீங்க படுக்கவே வேணாங்க்கா. செவுத்துல சாஞ்சி உக்காந்து, கண்ணத் தொறந்துக்கிட்டே மூச்ச மட்டும் கவனிங்க, போதும்" என்றது. அப்படித்தான் மூன்று மாதமாகச் செய்கிறேன். பொய் சொல்லக்கூடாது, பலன் இருக்கிறது. கழுத்துவலி குறைந்திருக்கிறது. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறேன். முன்பெல்லாம் அதுகூடத் தோன்றாது. பாப்பாமேல் எரிந்து விழுவதும் இல்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை வீடியோ காலில் உங்களையும் என்னோடு சேர்ந்து மூச்சை இழுத்து விடச் சொன்னேன். நீங்களும் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தீர்கள். மூன்றாவது மூச்சில் முகம் சுருங்கியது. கை இடது தோளுக்குப் போனது. என்னங்க என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல புள்ள, கேஸு" என்றீர்கள்.

மாமா, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அபிநயாவிடம் மட்டும், தெரிந்த ஒருவருக்கு இப்படி இருக்கிறது, என்ன ஆசனம் செய்யலாம் என்று கேட்டேன். அது என் முகத்தையே பார்த்தது. "ஆசனமெல்லாம் அப்பறங்க்கா. மொதல்ல டாக்டர்கிட்டப் போயி ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க. இன்னைக்கே" என்றது. அன்று மாலை நீங்கள் போனை எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தபோது, டாக்டரிடம் போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும், உடம்பு சரியில்லை என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கத்தினீர்கள். ஒன்றுமில்லாதவர் எதற்கு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டும்?

அனுப்பட்டும் மாமா. எனக்கு வேலை இருக்கிறது. நாம் கட்டிக்கொண்டிருக்கும் வீடு பூசாத சுவரோடு இன்னும் நாலு வருஷம் நின்றால் என்ன? அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. என்னைச் சொல்ல வைத்துவிடாதீர்கள். அறிவரசன் அண்ணனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன். அவர் இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்ததும் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். "நான் பாத்துக்கறேன்மா, தூக்கிட்டாவது போயிருவேன்" என்று சொல்லியிருக்கிறார். தயவுசெய்து மறுக்காமல் ஏறிக்கொள்ளுங்கள்.

வெளியாளிடம் சொல்லிவிட்டேன் என்று உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். திட்டுவதற்காவது வெள்ளிக்கிழமை கூப்பிடுங்கள். நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

குலதெய்வம் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள்,
வெற்றி.