டாலிவர் வக்கீலுக்காக ஒரு ஜெபம்

ஹார்லன் கிரீக், ஜார்ஜியா
ஞாயிறு மாலை

அன்புத் தம்பி ரோஸ்கோவுக்கு,

அக்கா லவோனியா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். சிறையில் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் அதிகாரியும் நலமாக இருக்கட்டும். படித்ததும் சீக்கிரம் உன்னிடம் கொடுத்தால் அவருக்குப் புண்ணியம்.

முதலில் வக்கீல் சமாச்சாரம். கோர்ட் உனக்கு இனாமாகக் கொடுத்த அந்த டாலிவருக்கு ஏழு வாரத்தில் முப்பத்தோரு தடவை போன் செய்தேன். செய்தி பதிய இனி இடமில்லை என்று ஒரு இயந்திரக் குரல்தான் சொல்கிறது. ஆபீசுக்குப் போனால், கோர்ட்டுக்குப் போயிருப்பதாகக் கதவில் ஓர் அட்டை. கோர்ட்டுக்குப் போனால் அங்கிருக்கும் குமாஸ்தா, "இப்பத்தானேம்மா ஆபீசுக்குக் கிளம்பினாரு" என்கிறாள். நடுவழியில் மனிதர் ஆவியாகிவிடுகிறார் போலிருக்கிறது. உன்னை அவர் பார்த்ததே மூன்று நிமிடம். அதிலும் ரொனால்ட் என்று கூப்பிட்டு, "திருட்டை ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போடு, அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்றாராம்.

இரும்புச் சாமான் கடை திருடு போன அந்தச் சனிக்கிழமை மதியம் நீ எங்கே இருந்தாய் என்று அவர் கேட்கவேயில்லை. தீயணைப்பு நிலைய விருந்தில் ஊருக்கே கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தாய். உப்பு கரித்தது என்று சத்தியம் செய்யவே அறுபது பேர் இருக்கிறார்கள். உன்னைப் பிடித்துப்போன போலீஸ்காரரே இரண்டாம் தடவை வாங்கித் தின்றவர்தான்.

டாலிவர் பழைய சைலோவாம் சபையில் பொறுப்பில் இருக்கும் டீக்கன் என்று கேள்விப்பட்டேன். இன்று காலை ஞாயிறு ஆராதனைத் தொப்பியை வைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். ஜெப விண்ணப்பம் இருப்பவர்கள் எழுந்து சொல்லலாம் என்று பாஸ்டர் சொன்னார். ஒருவர் மூட்டுவலிக்குக் கேட்டார். அடுத்து நான் எழுந்தேன். "உங்க டீக்கன் டாலிவருக்காக ஜெபம் பண்ணணும். ஏழு வாரமா அவருக்குப் பேச்சும் வரல, கையும் விளங்கல போல. என் தம்பி ஜெயில்ல கிடக்கான், பாவம், இவரால போனைக்கூட எடுக்க முடியல" என்றேன்.

சபை முழுக்க ஆமென் சொன்னது. சபையில் பணிவிடை செய்யும், வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள் அவரைச் சூழ்ந்து தலைமேல் கைவைத்து ஜெபித்தார்கள். எல்லாரையும்விட அவர் மனைவியின் குரல்தான் பெரிதாகக் கேட்டது: "ஆண்டவரே, வீட்லயும் இவரு வாயைத் திறக்கிறதில்ல, அதையும் சேர்த்து சுகமாக்கும்." என்னால் சிரிப்பை அடக்க முடியாமல் உடம்பு குலுங்கியது, பரிசுத்த ஆவி இறங்கிவிட்டதென்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவள் எனக்கு விசிறிவிட்டாள்.

ஆராதனை முடிந்ததும் டாலிவரே என்னைத் தேடி வந்தார். "ஏம்மா, ஆபீசுக்கு வந்திருக்கலாமே" என்றார். "வந்தேனே, உங்க அட்டைகூடத்தான் பேசிட்டு வந்தேன்" என்றேன். பாஸ்டர் பக்கத்தில் நிற்க, உன் கையால் மீன் தின்றவர்களின் பெயர்களை நான் சொல்லச் சொல்ல அவரே உட்கார்ந்து எழுதிக்கொண்டார். புதன்கிழமை பத்து மணிக்கு உன்னைப் பார்க்க வருகிறார். கோபத்தைக் காட்டாமல் எல்லாவற்றையும் சொல்.

இப்போது உன்மேல் உள்ள கோபம். வியாழக்கிழமை கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை ஜானெல்லின் பள்ளிப் பட்டமளிப்புக்கு வந்துவிடுவதாக எழுதியிருக்கிறாய். திருடன் என்று நீயே ஒத்துக்கொண்ட பிறகு பள்ளிப் பேருந்தை உன்னிடம் யார் தருவார்கள்? பதினோரு வருஷம் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிப்போனவன் நீ.

உன் மகள் ஜானெல்லிடம் எதையும் மறைக்கவில்லை. "அத்தை, அப்பா வரலைன்னா பரவாயில்ல. செய்யாததைச் செஞ்சேன்னு எழுதிக் கொடுக்க வேணாம்னு சொல்லுங்க" என்றாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். அரை மணி நேரம் தண்ணீர் ஓடியது. நான் கதவைத் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் பெயரைக் கூப்பிடும்போது உன் தொண்டைக்கும் சேர்த்து நானே கத்துகிறேன். வியாழக்கிழமை முழுவதும் கர்த்தர் உன் வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கட்டும்.

உன் அக்கா,
லவோனியா